பொன்மணிக்கு இல்லாத அக்கா

அத்தியாயம் 17

பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த இரண்டு ஃபுட்பால் சீசன் கார்டுகளையும் காணோம் என்று பொன்மணி வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, போன வாரம் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது. கார்டுகள் கிடைக்கவில்லை. ஆனால் எங்கே போயின என்பது தெரிந்துவிட்டது.

"நேத்து சாயங்காலமே மாப்பிள்ளை வீட்ல குடுத்துட்டேன்" என்றார் புருஷன் தங்கதுரை. ஸ்டூலில் ஏறி நின்று ஹால் ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். சொன்ன மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதைக் குடுத்தீங்க?"

"அந்தக் கார்டைத்தான். இங்க பக்கத்துல சுள்ளிக்கல்ல சொந்தக்காரங்க வீட்ல வந்து இறங்கியிருக்காக, எட்டிப் பாத்துட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு ஃபுட்பால்னா உசுராம். அவரும் அவரோட அத்தானும் இங்க பொண்ணு பாத்துட்டு அப்படியே கலூர் ஸ்டேடியத்துக்குப் போறாக. சும்மா கிடக்கிற சீட்டுதான?"

சும்மா கிடக்கிற சீட்டா! பொன்மணிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஒன்பது வருஷமாக, மழையோ புழுக்கமோ, கிழக்கு கேலரியில் அதே வரிசை, அதே இடம். மட்டாஞ்சேரியிலிருந்து போகிற பதினெட்டுப் பேரும் அவளைச் சுற்றித்தான் உட்காருவார்கள். உட்காருவார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அந்த வரிசையில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"அப்ப நான் போக வேண்டாமா?"

"ஏளா, பொண்ணு பாக்க வாற அன்னைக்கு, பொண்ணப் பெத்தவ களி பாக்கப் போவாளா? கேக்கிறவன் சிரிப்பான்." மட்டாஞ்சேரித் தமிழில் ஆட்டத்துக்குக் களி என்றுதான் பெயர், மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்டது.

"மூணு மணிக்கு வாறாக, அஞ்சு மணிக்குக் கிளம்பிருவாக. களி ஏழரைக்கு. எவன் சிரிக்கான்னு நானும் பாக்கேன். சரி, அது கிடக்கட்டும். அந்தப் பையன் எந்த டீமு?"

தங்கதுரை திரைச்சீலை வளையங்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

"கேக்கேம்லா?"

"பெங்களூருல வேலை பாக்குத பையன் பின்ன எந்த டீமா இருப்பான்?"

பெங்களூர் நீலச்சட்டை! அவள் நிற்கிற இடத்தில், உள்ளூர் அணியின் மஞ்சள் கூட்டத்துக்கு நட்டநடுவில், ஒரு நீலச்சட்டை! அதுவும் இன்றைக்கு ஆடப்போவதே பெங்களூரோடுதான். அந்த அணியோடு ஆட்டம் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே கடைத்தெருவில் வேறு பேச்சு இருக்காது. சுக்கு மூட்டை ஏற்றுகிறவனும் அதைத்தான் பேசுவான், இறக்குகிறவனும் அதைத்தான் பேசுவான். அந்த ஸ்டூலை ஓர் உதை விட்டால் என்ன என்று பொன்மணிக்குத் தோன்றியது நிஜம். விடவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து ஸுப்ரியா வந்துவிட்டாள்.

"அம்மா, ஒரே ஒரு நாள்தான்மா. எனக்காக."

காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இருபத்தாறு வயது. இரண்டு மாதமாக அந்த மாப்பிள்ளைப் பையன் வெங்கிடேஷோடு போனில் பேசிப் பேசி முகமே மாறிப்போயிருக்கிறது பிள்ளைக்கு. பெற்றவளுக்குத் தெரியாதா? கோவில்பட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "பொண்ணோட அம்மா ஸ்டேடியத்துல போய் ஆடுதாளாமே" என்று சொல்லிக் கழன்றுகொண்டதை முந்தைய அத்தியாயம் ஒன்றில் பார்த்தோம். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆகவே பொன்மணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரிட்டி. உனக்காக" என்றாள். "ஆனா சோறு பொங்குவேன். அதை யாரும் தடுக்கப்பிடாது."

அது என்ன சோறு என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். ஆட்டம் உள்ள நாளில் அவள் வீட்டு அடுப்பில் மஞ்சள் நிறத்தைத் தவிர வேறு நிறம் ஏறாது. எலுமிச்சைச் சோறு, மஞ்சள் போட்ட கப்பைக்கிழங்கு, மாங்காய்த் தொக்கு. பதினெட்டு வாழையிலைப் பொட்டலம் கட்டிப் பெரிய பையில் அடுக்குவாள். சாப்பாட்டை ஸ்டேடியத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால், கேட்டுக்கு வெளியே மதிலோரம் நின்றே சாப்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து சோறு போகவில்லை. அன்றைக்கு மூன்று கோல் வாங்கினார்கள். அதிலிருந்து, பதினெட்டுப் பேரில் ஒருவனான யூசுப், இதில் சமரசமே கிடையாது என்று சொல்லிவிட்டான்.

அதனால் அன்று காலை ஒரு அடுப்பில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேசரி கிண்டினாள், இன்னொன்றில் பதினெட்டுப் பேருக்கு எலுமிச்சைச் சோறு தாளித்தாள். கரண்டி படுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஒரு மணிக்கு ஹாலைப் பெருக்கப் போனபோது, டிவிக்கு மேலே சுவரில் ஒரு ஆணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அதில் ஒரு போட்டோ இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு கேலரியில் எடுத்தது. அம்மாவும் மகளும் கன்னத்தில் மும்மூன்று மஞ்சள் கோடு போட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்பார்கள்.

"போட்டோ எங்கட்டி?"

"நான்தான் கழட்டி வச்சேன். அவர் நீலம்லா. பாத்தா கடுப்பாவாரு" என்றாள் ஸுப்ரியா. தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

பொன்மணி அதையும் விழுங்கினாள். ஒரு நாளைக்கு எவ்வளவுதான் விழுங்குவது?

---

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் சொன்னபடி வந்தார்கள். வெங்கிடேஷ், அவன் அக்காள் புருஷன், அம்மா மாயம்மாள். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டான், வீட்டுக்குக் கீழே மசாலாக் கடையிலிருந்து ஏறிய மிளகாய் நெடிக்கு இரண்டு தும்மல் போட்டுவிட்டு அவனே சிரித்தான். சட்டைப் பையில் இரண்டு கார்டுகளும் விளிம்பு தெரிய உட்கார்ந்திருந்தன. பொன்மணியின் கண் வேறெங்கும் போகவில்லை.

தங்கதுரை அன்று இருந்த இருப்பைப் பார்க்கவேண்டும். "எங்க வீட்ல பொம்பளைக வெளிய தெருவன்னு போறதே இல்ல. கோயில், குளம், அதுவுண்டு, அவுக உண்டு" என்று அளந்துகொண்டிருந்தார். பஜ்ஜித் தட்டை வைக்க வந்த பொன்மணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அவசரமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஸுப்ரியா சாயா கொண்டுவந்து கொடுத்தாள். வெங்கிடேஷ் கிளாஸை வாங்கும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது பொன்மணிக்கும் கொஞ்சம் மனசு இளகியது. போகட்டும், ஒரு ஆட்டம்தானே.

சமையலறைக்கு வந்து அடுத்த ஈடு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலேயே மாயம்மாள் வந்துவிட்டாள். அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. முப்பது வருஷம் பெங்களூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"மதினி, ஒண்ணு கேட்டா வருத்தப்பட மாட்டீகளே?"

"கேளுங்க மதினி. என்ன வருத்தம்?"

"உங்க அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

பொன்மணி கரண்டியோடு திரும்பினாள். அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தம்பி. அவனும் தென்காசியில் இருக்கிறான்.

"எந்த அக்கா?"

"எங்கிட்ட மறைக்க வேண்டாம் மதினி" என்று மாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீடியோ எங்க சொந்தத்துல எல்லாருக்கும் வந்துச்சு. சேர்ல ஏறி நின்னு, முகமெல்லாம் மஞ்சளப் பூசிக்கிட்டு, ரெஃப்ரீயப் பாத்துக் கையை நீட்டி நீட்டிக் கத்துதாக. சாடை உங்கள மாதிரியே இருந்துச்சா, அதான் போன் போட்டுக் கேட்டோம். உங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அது உங்க கூடப் பிறந்த அக்கா, சின்ன வயசுலயே மனசு சரியில்லாமப் போச்சு, மாத்திரை போடலன்னா இப்படி வெளிய ஓடிருவாக, நீங்கதான் வச்சுப் பாக்கீகன்னு."

சட்டியில் பஜ்ஜி கருக ஆரம்பித்தது. பொன்மணிக்கு அது தெரியவில்லை.

"அவரா சொன்னாரு?"

"ஆமா மதினி. அதுக்காக நாங்க பின்வாங்கல. என் தங்கச்சி ஒருத்தி அப்படித்தான் இருந்தா. பதினோரு வருஷம் நான்தான் சோறு ஊட்டுனேன், நான்தான் குளிப்பாட்டுனேன். அவளைப் பத்தி எவனாவது ஒரு சொல் சொன்னா அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். போய்ச் சேந்துட்டா பாவம்." மாயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நல்ல நாளும் அதுவுமா அவுகள எந்த ரூம்லயும் பூட்டி வச்சிராதீங்க. கூப்பிடுங்க. நானும் ஒரு தடவை பாத்துப் பேசிட்டுப் போறேன். அவுக இல்லாம எனக்கு இந்தக் கேசரி இறங்காது."

பொன்மணி அடுப்பை அணைத்தாள்.

ஒன்பது வருஷம் கத்திய கத்து இவர்களுக்கு மனசு சரியில்லாததாகத் தெரிகிறதா? தன்னைத் தன் வீட்டிலேயே இல்லை என்று சொல்லியாகிவிட்டதா? கட்டின புருஷன், வாய் கூசாமல், இல்லாத ஒரு பிறவியை உண்டாக்கி, அவளுக்கு மாத்திரையும் கொடுத்து!

ஆனால் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சம்பந்தம் போய்விடும். ஹாலில் சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் முகம் வாடிவிடும். "அக்கா ஊருக்குப் போயிருக்கா மதினி" என்று ஒரு வார்த்தை போதும். எல்லாம் நல்லபடி முடிந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

வந்தது. ஆனால் எதிரே பதினோரு வருஷம் சோறு ஊட்டிய கை அவள் கையைப் பிடித்திருந்தது. அந்தக் கை பிடித்திருக்கையில் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"ஹால்ல போய் உக்காருங்க மதினி" என்றாள். "அக்காவக் கூட்டிட்டு வாறேன்."

---

கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் ஜெர்ஸியைத் தலைவழியே மாட்டினாள். புடவைக்கு மேலேதான். எப்போதும் அப்படித்தான் போவாள். பெயிண்ட் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அரிக்கும். அதனால் கஸ்தூரி மஞ்சளைத்தான் குழைத்துப் பூசுவாள். கன்னத்துக்கு மூன்று கோடு. கண்ணாடியில் பார்த்தாள். பைத்தியக்காரிதான், போ!

அவள் ஹாலுக்கு வந்தபோது தங்கதுரை பஜ்ஜியைக் கடித்திருந்தார். கடித்தது கடித்தபடி நின்றது.

"மதினி, நீங்க கேட்டீகள்ல? கூட்டிட்டு வந்துட்டேன். இதுதான் என் அக்கா. என் கூடப் பிறந்தவ. அந்த வீடியோவுல கத்துனவ."

மாயம்மாள் அவளையும் தங்கதுரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொன்மணி, உள்ள போ" என்றார் தங்கதுரை மெதுவாக.

"எந்த ரூமுக்குள்ள போக? பூட்டி வச்சிருந்தீங்களே, அந்த ரூமுக்கா?" அவள் குரல் கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டுமே! "எனக்கு எந்த அக்காவும் கிடையாது மதினி. ஒரு வியாதியும் கிடையாது. ஃபுட்பால் பாக்கப் போவேன். பெனால்டி குடுக்கலன்னா கத்துவேன். அன்னைக்கு நம்ம பையனக் காலை வாரி விட்டான், குடுக்கல, கத்துனேன். இன்னைக்குக் குடுக்கலன்னாலும் கத்துவேன். இம்புட்டுத்தான் என் சீக்கு."

"மருந்து, மாத்திரை..." என்று இழுத்தாள் மாயம்மாள்.

"எல்லாம் இவரு கைச்சரக்கு. இருபத்தெட்டு வருஷம் ஆக்கிப் போட்டிருக்கேன். என்னய என் பொண்டாட்டின்னு சொல்ல இவருக்கு வாய் வரல. இல்லாத ஒருத்தியப் பைத்தியம்னு சொல்ல மட்டும் நல்லா வந்திருக்கு!"

மாயம்மாள் எழுந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் இன்னும் குறைந்துவிடும் போலிருந்தது. "அண்ணாச்சி, அந்த வியாதி என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? என் தங்கச்சியப் பத்தி நான் போன்ல சொல்லிச் சொல்லி அழுதேன். ஆமாமா, பாவம்மான்னு கேட்டுக்கிட்டு இருந்தீகளே. அப்ப உங்களுக்கு நெஞ்சு உறுத்தலையா?"

தங்கதுரை தலையைத் தொங்கப்போட்டார். பொன்மணிக்கு அது போதவில்லை. "வாயத் திறந்து சொல்லுங்க. எந்த நேரத்துல இந்தப் புத்தி வந்துச்சு? யாரு சொல்லிக் குடுத்தா?"

அவர் கண் ஒரு விநாடி பக்கவாட்டில் போய் வந்தது. பொன்மணி அந்தக் கண் போன திசையில் பார்த்தாள்.

ஸுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். கையில் காலி டிரே.

"நீயா?"

"அம்மா, கத்தாத."

"நீயாட்டி?"

"அந்த வீடியோவ அனுப்பி, இது யாருன்னு கேட்டாக" என்றாள் ஸுப்ரியா. "கோவில்பட்டிக்காரங்க மாதிரி இவங்களும் போயிருவாங்கன்னு பயமா இருந்துச்சு. ஆபீஸ்லயும் எல்லாரும் அதைப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. நாணக்கேடா இருந்துச்சும்மா. அப்பாட்ட நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

நாணக்கேடு! பொன்மணிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போலிருந்தது. புருஷன் சொன்னான் என்றால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். இதை எங்கே போய் உலுக்குவது?

பதினேழு வயதில், பெரியவர்கள் கூட வந்தால்தான் அனுப்புவேன் என்று தகப்பன் சொல்ல, "நீ வாம்மா, சும்மா உக்காந்திரு, போதும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது யார்? ஆஃப்சைடு என்றால் என்ன என்று அடுப்படி மேடையில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் அடுக்கிச் சொல்லிக்கொடுத்தது யார்? முதல் கோலுக்கு அவள் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தபோது, "எழுந்திரிச்சுக் கத்தும்மா, இங்க யாரும் உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று தூக்கி நிறுத்தியது யார்? வீட்டு வேலை, கடைக்காரர்களுக்குச் சாப்பாடு, இதைத் தவிர ஒன்றும் தெரியாமல் கிடந்தவளுக்கு ஒரு வாயைக் கொடுத்தவளே இந்தப் பிள்ளைதான். இப்போது அந்த வாய் நாணக்கேடாகிவிட்டது.

பொன்மணி வெங்கிடேஷ் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு கார்டுகளையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது அத்தை" என்றான்.

"தெரியாதுன்னு தெரியும்யா. உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நீலச்சட்டை போட்டாலும் நீ நல்ல பையன்தான்." பிறகு மாயம்மாள் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "மதினி, உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். இன்னொரு நாள் வீடு தேடி வந்து கேக்கேன். கலியாணம் உண்டா இல்லையான்னு இவுக ரெண்டு பேருட்டயும் பேசிக்கிடுங்க. பொய்ய இவுகதான் சொன்னாக, இவுகதான் பதிலும் சொல்லணும். எனக்கு ஏழரைக்குக் களி."

"அம்மா!" என்றாள் ஸுப்ரியா.

பொன்மணி திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டுப் பொட்டலம் அடங்கிய பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

---

படகுத்துறையில் படகு நிற்கத்தான் செய்தது. படகு முழுக்க மஞ்சள். குழந்தைகள் விசில் ஊதின. யாரோ இடம் விட்டு, "இருக்கு சேச்சி" என்றார்கள். அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஹைகோர்ட் படகுத்துறை வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சண்டைதான். புருஷனோடு பாதி தூரம், மகளோடு மீதி தூரம். அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கலூர்.

மதிலோரம் கூட்டம் காத்திருந்தது. கடைத்தெருவில் சாயாக்கடை வைத்திருக்கிற யூசுப், கழுத்தில் பெரிய மேளத்தை மாட்டிக்கொண்டு, அவளைக் கண்டதும் இரண்டு அடி அடித்தான்.

"வந்நல்லோ! நீங்க வரலைன்னு கேட்டு எனக்குப் பாதி உசுரு போச்சு சேச்சி. மோள் எவிடே?"

"அவளுக்குச் சோலி இருக்கு."

"பெங்களூர் களிக்கு வராத்த சோலியா? அது என்ன சோலி?"

"யூசுப், சோறு வேணுமா வேண்டாமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கன்னத்து மஞ்சளில் ஒரு கோடு கண்ணீரில் கரைந்து கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். பதினெட்டுப் பேரும் சாப்பிட்டார்கள். சோற்றில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று யாரும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கெல்லாம் உள்ளே போய்விட்டார்கள். கேலரி நிரம்பி வழிந்தது. பொன்மணி தன் இடத்தில் நின்றாள். பக்கத்து இடம் காலி. வழக்கமாக அங்கே நிற்கிறவள் இவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். கார்னர் வந்தால் நகத்தால் கிள்ளிவிடுவாள். அந்த இருக்கையின் மேல் பையை வைத்து, பையின் மேல் மகளின் கார்டை வைத்தாள் பொன்மணி.

"ஒராளுக்கு டிக்கெட் கிட்டல சேச்சி, வெளிய நிக்கான். அதைக் கொடுக்கட்டா?" என்றான் யூசுப்.

"தொடாத" என்றாள். அவள் சொன்ன வேகத்தில் அவன் ஒரு அடி பின்னால் போய்விட்டான்.

வீரர்கள் வரிசையாக மைதானத்துக்குள் வந்தார்கள். நாற்பதாயிரம் தொண்டை ஒரே நேரத்தில் திறந்தது. அவளும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இங்க யாரும் உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று சொன்னவளே சொல்லிவிட்டாளே.

போன் அதிர்ந்தது. திரையில் ஸுப்ரியா.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, கேட்டுல நிக்கேன்." மூச்சு வாங்கியது. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "என் கார்டு உங்கிட்டதான இருக்கு? உள்ள விட மாட்டேங்கிறாங்க. வந்து கூட்டிட்டுப் போம்மா."

பொன்மணி பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

"யாரும்மா பேசுறது?"

"அம்மா, நான்தாம்மா. ஸுப்ரியா."

"ஸுப்ரியாவா? அம்மாவத் தேடுதியா? அம்மா வீட்ல இருப்பா, அங்க போய்ப் பாரு" என்றாள் பொன்மணி. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "நான் அவளோட அக்கா. மனசு சரியில்லாதவ. எனக்குப் பிள்ளை குட்டி எதுவும் கிடையாது."

மறுமுனையில் ஒரு விசும்பல். அதற்குப் பின்னாலிருந்து, மெதுவான இன்னொரு குரல் கேட்டது.

"போனை எங்கிட்டக் குடும்மா. மதினிட்ட நான் பேசுதேன்."

மாயம்மாள்! அந்த அம்மாள் எப்படி ஸ்டேடியம் கேட்டுக்கு வந்தாள்? எதற்கு வந்தாள்? ஆனால் பொன்மணியின் கட்டைவிரல் அதற்குள் போனை அணைத்துவிட்டிருந்தது.

கீழே விசில் ஊதிவிட்டார்கள். யூசுப்பின் மேளம் அதிர்ந்தது, மொத்த கேலரியும் எழுந்து குதித்தது. கையில் போன் திரும்பவும் துடிக்க ஆரம்பித்தது. மகளின் கார்டை வெறித்துக்கொண்டு பொன்மணி அப்படியே நின்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, பந்து எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.